சோற்றுப் பானையோடு நின்றவள்

படம் பிடிக்கத் தெரியாமல் பிடிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மணப்பெண்ணின் தலையில் தென்னை மரம் முளைத்து நிற்கும். மாப்பிள்ளையைக் கணுக்காலோடு வெட்டியிருப்பார்கள். கடல் ஒரு பக்கம் சரிந்து, இன்னும் கொஞ்சம் விட்டால் வள்ளமெல்லாம் வழிந்து ஓடிவிடும் போலிருக்கும். கேட்டால், "போன் அப்பிடித்தான் எடுக்குது மிஸ்" என்பார்கள். போன் என்ன செய்யும், பாவம்! பிடிக்கிற ஆளுக்கல்லவா கண் வேண்டும்?

என் பெயர் பஹ்மியா. மூதூரில் நானும் என் கணவர் அப்ராஸும் ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். பிரிண்ட் அடிப்பது, அல்பம் கட்டுவது, பழைய படங்களைத் திருத்துவது எல்லாம் அவர் வேலை. கமரா என் கையில். எங்கள் முஸ்லிம் ஆட்களின் கலியாணங்களில் பெண்கள் பக்கத்துக்குப் பெண்தான் போக வேண்டும் என்பதால் எனக்கு ஓய்வே கிடையாது. தமிழ்ச் சனங்களும் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் திருகோணமலை டவுனில் ஒரு மண்டபம் எடுத்துப் பெண் பிள்ளைகளுக்குப் படப்பிடிப்பு வகுப்பும் நடத்துகிறேன். மிஸ்ஸுக்கு வாய் நீளம் என்று எனக்குப் பின்னால் சொல்வார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வகுப்பில் நான் முதலில் தொடுவது கமராவை அல்ல, பிரேமை. "பிடிக்க முதல் நாலு ஓரத்தையும் பாருங்க. தேவையில்லாத சாமான் நிண்டா வெளிய தள்ளுங்க. ஆளக் கொண்டுபோய் நட்ட நடுவில நாட்டாதீங்க. பிரேமை மூண்டாப் பிரிச்சு, அந்தக் கோட்டில நிப்பாட்டுங்க. ஆள் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் இடம் விடுங்க. வெறும் இடத்தக் கண்டு பயப்படாதீங்க, அதுவும் கதைக்கும்" என்பேன். பிறகு என் பெருமையையும் அவிழ்த்துவிடுவேன். நான் எடுத்த படத்தைப் பிறகு கொம்பியூட்டரில் போட்டு ஓரம் வெட்டுவதில்லை. எடுக்கும்போதே சரியாக எடுப்பேன். சரிவராததை அந்த இடத்திலேயே அழித்துவிடுவேன். குப்பையை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போகிற பழக்கம் எனக்கில்லை.

இந்தப் பழக்கத்தை நினைத்தால் இப்போது என் கையை நானே முறிக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆடி அமாவாசை அன்று காலை இலங்கைத்துறைக்குப் போனேன். அங்கே ராசமலர் அம்மா என்று ஒருவர். இறந்துபோன தன் தகப்பனின் பழைய படமொன்றை, பூச்சி அரித்து முகம் பாதி போன நிலையில், எங்களிடம் தந்திருந்தார். அப்ராஸ் அதைத் திருத்தி, பெரிதாக்கி, கண்ணாடி போட்டு முடித்துவிட்டார். தகப்பன் இல்லாதவர்கள் அவருக்காக விரதம் பிடிக்கிற நாள் அது. படத்தை வைத்துப் படைக்க வேண்டும் என்று அந்த அம்மா ஆசைப்பட்டதால் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டில் அவரும் மருமகள் மேனுஜாவும்தான். மகன் தனுசன் கட்டாரில் வேலை. அவர்களுடைய கலியாணத்துக்கும் படம் பிடித்தது நான்தான். ஆகவே மேனுஜா என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கோ அக்கா. சாப்பிடாமப் போக விடமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

நான் தயங்கினேன். படைத்த சோற்றை நாங்கள் சாப்பிடுவதில்லை. அதை எப்படி அவளிடம் சொல்வது என்று நான் யோசிக்க முதலே அவள் குசினிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"படைக்க முதலே உங்களுக்கெண்டு புறம்பா எடுத்து மூடி வச்சிட்டன். எனக்குத் தெரியாதா? பயப்பிடாம இருங்கோ."

இருபத்தைந்து வயதுப் பிள்ளை. விடியவே எழும்பி அத்தனை மரக்கறியும் சமைத்து, அதற்குள் எனக்கென்று ஒரு பங்கை நினைத்து எடுத்து வைத்திருக்கிறாள். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், எந்த வீட்டில் கையை நனைத்துவிட்டு வந்து நான் அந்த வேலையைச் செய்தேன் என்று தெரிய வேண்டும்.

படைத்து முடிந்தது. காகத்துக்கு ஒரு துண்டு வாழையிலையில் சோறும் கறியும் போட்டு மேனுஜா பின் மதிலின் மேல் வைத்தாள். காகம் கொத்திய பிறகுதான் விரதகாரர் சாப்பிடலாம். ராசமலர் அம்மா பின் விறாந்தையில் பாயில் இருந்தார். முன்னால் தண்ணீர் தெளித்த தலைவாழை இலை. மேனுஜா பக்கத்தில் சோற்றுப் பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு, அகப்பையும் கையுமாகத் தயாராக நின்றாள். காகத்தைத்தான் காணவில்லை.

"கா! கா!" என்று மேனுஜா கத்தினாள். பிறகு சிரித்தாள். "இந்த ஊர்க் காகமெல்லாம் கரைவலையடியில மீனோட கிடக்கு மாமி. மரக்கறிச் சோத்துக்கு எது வரப்போகுது?"

"வரும் பிள்ளை. அப்பர் உயிரோட இருக்கேக்குள்ளயும் சாப்பாட்டுக்கு நேரத்துக்கு வந்த மனிசன் இல்ல" என்றார் ராசமலர் அம்மா. மூன்று பேரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவர் மதிலைப் பார்த்தபடி இருந்தார். பக்கத்து யன்னலால் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. பின்னால் பூச்சில்லாத சீமெந்துச் சுவர். முன்னால் ஒன்றுமில்லாத இலை. என் கை தானாகக் கமராவுக்குப் போனது. ஒரு படம் எடுத்துத் திரையில் பார்த்தேன். ராசமலர் அம்மா இடப் பக்கத்துக் கோட்டில் அச்சொட்டாக விழுந்திருந்தார். ஆனால் அவர் பார்க்கிற பக்கத்தில், வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில், செம்மஞ்சள் சட்டையோடு மேனுஜா பானையும் கையுமாக நின்றாள். கண் நேரே அந்த நிறத்துக்கு ஓடியது. படம் செத்துப்போயிற்று.

"தங்கச்சி, கொஞ்சம் அங்கால போங்களன்."

"ஓம் அக்கா, நான் நிண்டா படம் பழுதாப் போகும்" என்று சிரித்துக்கொண்டே அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். சுடுகிற பானை. கீழே வைக்கக்கூட இல்லை.

நான் எடுத்தேன். எடுத்த கையோடேயே தெரிந்தது, இது சும்மா படமில்லை என்று. சிறிது நேரத்தில் ஒரு நொண்டிக் காகம் வந்து கொத்தியது. மேனுஜா ஓடி வந்து மாமிக்குச் சோறு போட்டாள். மாமி சாப்பிட்ட பிறகு எனக்கு மூடி வைத்ததைத் திறந்து பரிமாறினாள். காத்தோட்டிக்காய்ப் பொரியலை வெட்கமில்லாமல் இரண்டு தரம் கேட்டு வாங்கினேன். கடைசியாகத்தான் அவள் சாப்பிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்து, சரிவராத படங்களை வழக்கம்போல அழித்தேன். பானையோடு அவள் நின்ற படமும் அதில் போனது.

ராசமலர் அம்மா தனியாக இருக்கிற படத்தை அன்றே எங்கள் ஸ்டூடியோவின் பேஸ்புக் பக்கத்தில் போட்டேன். "காத்திருப்பு" என்று ஒரு சொல் மட்டும் எழுதினேன். யாருக்காகக் காத்திருக்கிறார் என்று எழுதவில்லை. விளக்கம் எழுதினால் படத்தின் கனம் போய்விடும் என்பதும் நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறதுதான்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. கொழும்பில் பெரிய ஆட்களெல்லாம் பாராட்டி எழுதினார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அப்ராஸ் ஒரு நாள் போனைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இதப் பாருங்க. யாரோ உங்கட படத்த எடுத்து வேற மாதிரி எழுதியிருக்கான்."

பார்த்தேன். "பெற்ற தாய்க்கு முன்னால் வெறும் இலை. மகன் வெளிநாட்டில். சோறு போட வேண்டிய மருமகள் எங்கே?" என்று இருந்தது. கீழே சனங்கள் மருமகளைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒருவர் ஊரின் பெயரையும் எழுதியிருந்தார்.

"தூக்கிருவமா?" என்றார் அப்ராஸ்.

"சனம் நாலு கதைக்கத்தான் செய்யும். படம் நல்லாப் போகுது, விடுங்க."

இதைச் சொன்னது நான். எனக்குத் தெரியாமல் நடந்ததென்று சொல்ல ஏலாது. தெரியும். தெரிந்துகொண்டுதான் அடுத்த ஞாயிறு வகுப்பில் அதைத் திரையில் பெரிதாகப் போட்டேன். "என்ன தெரியுது?" என்று கேட்டேன். நப்லா என்ற கெட்டிக்காரப் பிள்ளை எழும்பி, "பசி, மிஸ்" என்றது. "சபாஷ்! பசி எங்க இரிக்கி? இந்தா, இந்த வெறும் இடத்தில" என்று மேனுஜா நின்ற இடத்தைத் தடியால் தட்டிக் காட்டினேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் கிழமை மேனுஜா ஸ்டூடியோவுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் வாயைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. கதிரையில்கூட இருக்கவில்லை.

"அக்கா, முதல்ல நான் பானையோட நிக்கேக்குள்ள ஒண்டு எடுத்தனீங்கள்தானே? அதைத் தாங்கோ. அவருக்கு அனுப்போணும்."

"என்ன புள்ள நடந்தது? முதல்ல இரிங்க."

"அவற்ற அக்கா, கமலாதேவி மச்சாள், உப்புவெளியில இருக்கிறவ, வான் பிடிச்சு வந்து மாமியக் கூட்டிக்கொண்டு போயிட்டா. ஊர்ச் சனம் பாத்துக்கொண்டு நிக்க, 'என்ர அம்மாவப் பட்டினி போட்டவள்' எண்டு பேசினவ. அவர் போன் எடுக்கிறாரில்ல. 'நீ உன்ர அம்மா வீட்ட போ, நான் வந்து முடிவு சொல்றன்' எண்டு வொய்ஸ் போட்டிருக்கிறார்." மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள். "அந்தப் படத்த மட்டும் தாங்கோ அக்கா. அதில பானை தெரியும், நான் நிக்கிறது தெரியும். அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"மாமி சொல்லலியா?"

"சொன்னவ. பயத்தில சொல்றாவாம்."

நான் அப்ராஸைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது இல்ல புள்ள. அழிச்சிட்டன்."

"அழிச்சிட்டீங்களா? ஏன்?"

"வடிவா வரல்ல."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று போட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டு இருந்திருப்பேன். "சரி, பரவாயில்ல அக்கா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுதானே" என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். யா அல்லாஹ், அந்தப் பரவாயில்லை என் நெஞ்சில் கிடந்து பட்ட பாடு!

அப்ராஸ் அன்று முழுவதும் கமராவின் மெமரி கார்டைக் கொம்பியூட்டரில் போட்டு, அழித்ததை எடுக்கப் பார்த்தார். இடையில் ஒரு கலியாணத்தை அதே கார்டில் பிடித்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மணப்பெண்ணும் புரியாணிச் சகன் தட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தன. நான் படத்தைத் தூக்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டேன். விரதம், காகம், பானை, நான் அவளை விலகச் சொன்னது, எல்லாம். அதை யார் பார்த்தார்கள்? படத்தைப் பார்த்த சனத்தில் ஒரு கைப்பிடி. அதிலும் ஒருவர், "மருமகள் எவ்வளவு தந்தாள்?" என்று கேட்டிருந்தார். படமோ ஊர் ஊராக ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் தூக்கியது என் பக்கத்திலிருந்து மட்டுமே.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அபாயாவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். டவுனில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து உப்புவெளிக்குப் போனேன்.

கமலாதேவி கடற்கரைப் பக்கமாக நாலு அறையில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்து வரவேற்றார். அதுதான் தாங்க முடியவில்லை.

"நீங்கள் அந்தப் படத்தை எடுக்காட்டி எங்களுக்கு ஒண்டும் தெரிய வந்திருக்காது. கடவுள்தான் உங்களை அங்க அனுப்பினது."

உள்ளே ராசமலர் அம்மா மேசையில் இருந்தார். முன்னால் முட்டை, பாண், பழம், கேக் என்று அடுக்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி வந்தார்.

"பிள்ளை, நீயாவது சொல்லு. நான் தொண்டை கிழியச் சொல்லிப் பாத்திட்டன். என்ர பேச்ச இந்த வீட்டில ஆரும் கேக்கிறாங்களில்ல."

"அம்மா பாவம், அவளுக்குப் பயந்து மூடி மறைக்கிறா" என்றார் கமலாதேவி. "படம் பொய் சொல்லுமா?"

"சொல்லும்!" என்று கத்திவிட்டேன். முன் அறையிலிருந்த வெள்ளைக்காரன் எட்டிப் பார்த்தான். "சொல்லும் அக்கா. அதச் சொல்ல வச்சது நான். உங்கட தம்பிக்கு எடுங்க, அவருக்கும் சேத்தே சொல்றன்."

கமலாதேவிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தாய் விடவில்லை. வீடியோவில் தனுசன் வந்தான். வேலை உடுப்போடு, கண்ணுக்குக் கீழே கறுத்து, ஒரு கட்டிலின் ஓரத்தில் இருந்தான். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் இடையில் குறுக்கிடவே இல்லை. முடிந்த பிறகு மெதுவாகக் கேட்டான்.

"காகத்துக்கு வைக்கிறது எனக்கும் தெரியும்தானே அக்கா. படத்தில அந்தச் சோறு எங்க?"

"மதிலுக்கு மேல. பிரேமுக்கு வெளிய."

"மேனுஜா?"

"கதவுக்குப் பின்னால. பானையோட."

"அங்க ஏன் போனவள்?"

"நான் போகச் சொன்னன் தம்பி."

"ஏன்?"

இந்த ஏனுக்கு வகுப்பில் என்றால் நான் ஒரு மணித்தியாலம் பேசுவேன். கோடு, பார்வை, வெறும் இடம், நிறம் என்று படம் கீறியே விளக்குவேன். இங்கே ஒரு வரிதான் வந்தது.

"அவ நிண்டா படம் வடிவில்ல" என்றேன்.

அவன் அறையில் வேறு யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. "படம் வடிவில்லையெண்டு என்ர மனிசிய..." என்று தொடங்கினான், முடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உங்களச் சொல்லி என்ன அக்கா. நானும் அவளிட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்ல."

அம்மாவைத் திரும்பக் கொண்டுபோய் விடும்படி அவன் தமக்கையிடம் சொன்னான். கமலாதேவி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "விடுறன். ஆனா ஊர் என்னைக் கேக்கும், படத்தைப் பாத்தும் திரும்ப அங்கயே அனுப்பினியா எண்டு. அம்மா ஒவ்வொரு நாளும் சாப்பிட்டவவோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

காரியம் கெட்டுவிடுமோ என்று எனக்குப் பதறியது. அந்தப் பதற்றத்தில், படம்பிடிக்கிறவளுக்கு வரக்கூடிய புத்திதான் எனக்கும் வந்தது.

"அதுக்கென்ன அக்கா? மத்தியானம் சாப்பிடக்குள்ள ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில போடச் சொல்லுங்க. ரெண்டு பேரும் விழுற மாதிரி. உங்களுக்கும் நிம்மதி, பாக்கிற சனத்துக்கும் வாய் மூடும்."

கமலாதேவி யோசித்து, "அது சரிதான்" என்றார். தனுசனும் தலையை ஆட்டினான். நான் பெரிய வேலை முடித்த மாதிரி பஸ் ஏறினேன். மூதூர் வரும் வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்று இரவு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். வெருகல் பக்கம் ஒரு வேலைக்குப் போனவள், அவர்களைப் பார்த்து நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இலங்கைத்துறையில் இறங்கினேன். சரியான மத்தியான நேரம்.

அவர்கள் பின் விறாந்தையில் இல்லை. முன் வாசலில், வீதியால் போகிற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு மேசை போட்டிருந்தது. ராசமலர் அம்மா அங்கே ஒரு நல்ல சேலையோடு இருந்தார். முன்னால் சாப்பாட்டுக் கோப்பை நிறையச் சோறு, மீன் குழம்பு, பொரியல், முட்டை. மேனுஜா போனை நீட்டிப் பிடித்து, பின்னுக்குப் போய், முன்னுக்கு வந்து, குனிந்து, நிமிர்ந்து, பாடாய்ப் பட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பழையபடி முகம் மலர்ந்தது.

"நல்ல நேரம் வந்தீங்கள் அக்கா! இஞ்ச ஒருக்கா வாங்கோ."

"தங்கச்சி, நான் உங்கட்ட மன்னிப்புக் கேக்க..."

"ஐயோ, அதை விடுங்கோ. இதைச் சொல்லித் தாங்கோ முதல்ல. நேத்தும் மச்சாள் ஏசினவ. சோறு விழுந்தா என்ர முகம் வெட்டுப்படுது. முகம் விழுந்தா கறி தெரியுதில்ல. மாமி குனிஞ்சா சாப்பிடுறது தெரியாதாம், நிமிர்ந்தா சாப்பிடாத மாதிரி இருக்காம். நான் பக்கத்தில நிண்டா வேலைக்காரி மாதிரியாம், இருந்தா மாமிக்குப் பரிமாற ஆளில்லையாம். நீங்கள் வகுப்பெடுக்கிறனீங்கள்தானே? எல்லாம் ஒண்டா விழ எப்பிடிப் பிடிக்கிறது?"

"ஒவ்வொரு நாளும் இப்பிடியா?"

"ஓம். நல்ல சீலை உடுத்தித்தான். அவர் எங்களை நம்புறார் அக்கா. அவருக்காக இல்ல. மச்சாள் அதைத் தன்ர பேஸ்புக்கில போடுறவ, சனத்துக்குக் காட்ட. ஒரு நாள் காய்ச்சலெண்டு போடாம விட்டதுக்கு, திரும்பத் தொடங்கிட்டாளெண்டு ஆரோ எழுதிப்போட்டாங்கள்."

அவள் போனை என் கையில் திணித்தாள். அதைத் தூக்கி மதிலுக்கு அப்பால் எறியத்தான் மனம் சொன்னது. எறிந்தால் இன்றைக்குப் படம் இல்லை. படம் இல்லாவிட்டால் நாளைக்கு யார் என்ன எழுதுவார்களோ. யோசனை சொன்ன வாய் என் வாய். வேறு வழி தெரியாமல் நான் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன்.

"போனை இந்தா, இப்பிடிக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிக்கணும். சரிச்சு. அப்ப கோப்பையும் விழும், முகமும் விழும். நீங்க மாமிக்கு எதிர்ப்பக்கம் வேணாம், இந்த மூலைக்கு வந்து இரிங்க. அகப்பை கையில இரிக்கட்டும். வெளிச்சத்துக்கு முகத்தக் குடுங்க. மாமி, சோத்தை உருட்டி வாயடிக்குக் கொண்டு போங்க. அப்பிடியே நிப்பாட்டுங்க. அசையாதீங்க."

மேனுஜா ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டாள். என் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. நான் போனின் திரையைப் பார்த்தேன். பழக்கதோஷம், நாலு ஓரத்தையும் பார்த்தேன். மேனுஜாவின் தோள் வெட்டுப்பட்டது, கொஞ்சம் உள்ளே வரச் சொன்னேன். முட்டை மறைந்தது, கோப்பையைத் திருப்பச் சொன்னேன். குழம்பிலிருந்து ஆவி பறந்து முடிந்துவிட்டது. சைக்கிளில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ராசமலர் அம்மாவின் கை வாயடியில் நின்றபடியே மெல்ல நடுங்கத் தொடங்கியது. விரலுக்குள்ளிருந்து இரண்டு சோறு மேசையில் விழுந்தது. அவர் தலையைத் திருப்பாமல், முகம் மாறிவிடாமல் கவனமாக, என்னிடம் கேட்டார்:

"பிள்ளை, பசிக்குது. நான் இனிச் சாப்பிடலாமா?"